யதுர்ஷாவின் இரத்தமும் நான் எழுதிய ஒன்பதரை மணியும்

ஆய்வுகூடத்துக்குப் புதிதாய் வந்திருக்கிற தம்பி தங்கைமாருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கண் வலிக்க வலிக்க எண்ணிய அணுக்களை இப்போது பொறி ஒரு நிமிடத்தில் எண்ணித் தருகிறது. பொறிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடங்களில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று உங்களைத்தான் கூப்பிட்டுக் கேட்டேன். ஆனால் பிழை விடுவதில் உங்களைவிட எனக்கு அனுபவம் அதிகம். அதில் ஒன்றைச் சொல்கிறேன். என்னுடைய பிழைகளில் மிகச் சிறியது அது, ஒரு படிவத்தில் ஒரு நேரத்தைப் பிழையாய் எழுதியது. அதனால் ஒரு பிள்ளையின் மூன்று மாதம் போகப் பார்த்தது.

பிள்ளையின் பெயர் யதுர்ஷா. வயது ஒன்பது. வவுணதீவுப் பக்கம். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை, தகப்பன் லோகன் வயல் வட்டையில் வேளாண்மை செய்கிறவர். பிள்ளைக்கு வலது முழங்கால் வீங்கி, பிறகு கணுக்கால் வீங்கி, காலையில் எழும்பினால் நடக்க முடியாமல் போயிருக்கிறது. விழுந்திருப்பாள் என்றார்கள், வளர்கிற வயதில் வருகிற வலி என்றார்கள், எண்ணெய் பூசி இழுத்தும் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் பார்த்து முடிய எங்கள் ஆஸ்பத்திரியின் சிறுவர் கிளினிக்குக்கு வந்தபோது அது சிறுவர் மூட்டுவாதம் என்று தெரிந்தது. முதியவர்களுக்கு மட்டும் வருகிற நோய் என்று நினைத்திருந்த லோகனுக்கு அதை நம்பவே ஒரு கிழமை எடுத்தது.

எங்கள் குழந்தை வைத்தியர் அப்போது ஒரு பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். மூட்டுவாதம் உள்ள பிள்ளைகளுக்குக் கிழமைக்கு ஒருமுறை கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைத்தான் அநேகமாக முதலில் தொடங்குவார்கள். சில பிள்ளைகளுக்கு அது நன்றாய்க் கேட்கும், சிலருக்குக் கேட்காது. யாருக்குக் கேட்கும் என்பது மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த மாதங்களில் மூட்டு சும்மா இருக்காது. ஆகவே மருந்து தொடங்குவதற்கு முன்பே பிள்ளையின் இரத்தத்தில் ஒரு புரதத்தை அளந்து பார்த்து, இவளுக்குக் கேட்கும், இவனுக்குக் கேட்காது என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. வீக்கம் இருக்கும் இடத்தில் வெண்குழியங்கள், அதாவது இரத்தத்தின் வெள்ளை அணுக்கள், கசியவிடும் புரதம் அது. அது கூடுதலாய் இருக்கிற பிள்ளைகளுக்கு மருந்து கேட்கிற வாய்ப்பு அதிகம் என்று ஓர் எண்ணம். எண்ணம்தான், முடிவை இதை மட்டும் வைத்து எடுக்க வேண்டாம் என்று அந்தக் குழுவே எழுதித் தந்திருந்தது.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கும்போது இதை லோகனுக்கு விளங்கப்படுத்துவது என் பொறுப்பாகிவிட்டது. நான் புரதம், குழியம் என்று என்னென்னவோ சொல்லி வியர்த்து நின்றேன். அவர் பொறுமையாய்க் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"விளங்குது மிஸ். விதைக்கிறதுக்கு முதல் ஒரு புடி நெல்ல நனைச்சுத் துணியில கட்டி வெச்சி, முளைக்குதா எண்டு பாக்கிற மாதிரி."

"ஓம், அதேதான்."

"ஆனா மிஸ், துணியில முளைச்ச நெல்லெல்லாம் வட்டையில முளைக்கும் எண்டு இல்ல."

படித்துப் பட்டம் வாங்கியவர்கள் பல பக்கத்தில் எழுதுகிற எச்சரிக்கையை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அதுதான் அன்றைய என் முதல் பிழை.

யதுர்ஷாவுக்கு இரத்தம் எடுத்தவர் காத்தான்குடித் தாதி ஒருவர். வயதில் என்னைவிட இரண்டு வருடம் மூத்தவர், நாங்கள் எல்லோரும் அவரை ராத்தா என்போம். பிள்ளைகளுக்கு ஊசி போடுவதில் அவருக்கு ஒரு வழி இருந்தது. பிள்ளையின் கையில் பேனையைக் கொடுத்து, ரியூப்பில் ஒட்டும் லேபிளின் மூலையில் தனக்குப் பிடித்த எதையாவது கீறச் சொல்வார். பெயர் எழுதும் இடத்தில் தொடக்கூடாது என்பது மட்டும்தான் சட்டம். யதுர்ஷா ஐந்து இதழில் ஒரு பூக் கீறினாள். கீறி முடிப்பதற்குள் இரத்தம் எடுத்து முடிந்துவிட்டது.

"முடிஞ்சா?" என்று கேட்டாள் பிள்ளை.

"முடிஞ்சி புள்ள."

"நான் இன்னும் இலை கீறல்லயே."

மாரி மழை கொட்டிய நாள் அது. நேரம் சரியாக ஒன்பது மணி. இனி என்னுடைய பகுதிக்கு வருகிறேன்.

அந்த ரியூப்போடு ஒரு படிவம் போகும். இரத்தம் எடுத்த நேரம், சுழற்றிய நேரம், குளிரில் வைத்த நேரம் என்று மூன்று பெட்டி. இரத்தத்தை ஒரு மணித்தியாலத்துக்குள் பொறியில் சுழற்றி, மேலே தெளியும் நீரைப் பிரித்து, ஆழ்குளிர்ப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். சுழற்றாமல் விட்டால் ரியூப்புக்குள்ளேயே வெண்குழியங்கள் அந்தப் புரதத்தைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளையின் உடம்பில் இல்லாத அளவு ரியூப்பில் வந்து சேர்ந்துவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. வாசித்திருந்தேன், அடியில் கோடும் போட்டிருந்தேன்.

ஆனால் கிளினிக் நாட்களில் நான் ஒரு வேலை செய்வேன். காலையிலேயே எல்லாப் படிவங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, எடுத்தது ஒன்பது, சுழற்றியது ஒன்பதரை, குளிரில் வைத்தது பத்து என்று வரிசையாக எழுதிவிடுவேன். எப்போதும் அப்படித்தான் நடக்கும், ஐந்து பத்து நிமிடம் முன்பின்னாய் இருக்கும். பிறகு கைக்கு வேலை வரும்போது எழுதிக்கொண்டிருக்க வேண்டாம் அல்லவா? இதை நான் கெட்டித்தனம் என்றே நினைத்திருந்தேன். ஒரு தங்கைக்குச் சொல்லியும் கொடுத்தேன், அவள் இதை வாசித்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

அன்றைக்கு வெள்ளத்தால் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. டெங்குக் காய்ச்சல் விடுதிகளிலிருந்து இரத்தம் கூடைகூடையாய் வருகிறது. இரண்டு சுழற்றும் பொறியில் ஒன்று பழுது. அவசர ரியூப்புகளை உள்ளே வைக்க வைக்க, பூப் போட்ட ரியூப் நடைபாதைக் கண்ணாடிக்குப் பக்கத்துத் தாங்கியில் ஓரமாய் நின்றது. இதோ வைக்கிறேன், அடுத்த சுற்றில் வைக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். வைத்தபோது பின்நேரம் இரண்டு மணி கழிந்திருந்தது.

படிவத்தில் ஒன்பதரை என்று என் கையெழுத்தில் அழகாய் இருந்தது. வெட்டி எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். குளிரூட்டிய அறையில்தானே நின்றது, என்ன ஆகிவிடப் போகிறது என்று அடுத்த கணம் தோன்றியது. அப்போதே மேல்மாடியிலிருந்து தொலைபேசி அடித்தது. படிவத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன்.

மாதங்கள் போயின. யதுர்ஷா ஒழுங்காக மருந்து எடுத்தாள். மருந்து குடிக்கிற நாளில் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும் என்று முதல்நாளே முகத்தைச் சுளிப்பாள், ஆனாலும் குடிப்பாள். முழங்கால் வீக்கம் கொஞ்சம் இறங்கியது, கணுக்கால் இறங்கவில்லை. ஒரு கிளினிக் நாளில் வைத்தியர் என்னைக் கூப்பிட்டார். அவருடைய மேசையில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தாள் கிடந்தது.

"மிஸ், இந்தப் பிள்ளையின்ட சாம்பிள் ஒழுங்காத்தானே போனது?"

"ஏன் டொக்டர்?"

"நல்லாக் கூடக் காட்டுது. இதைப் பாத்தா மருந்து கேக்க வேணும். ஆளைப் பாத்தா அப்பிடித் தெரியேல்ல. அடுத்த கட்ட, விலை கூடின ஊசிக்கு அனுமதி கேட்டுக் கொழும்புக்கு எழுதுவம் எண்டு நினைச்சன். இந்த இலக்கத்தை வைச்சுக்கொண்டு எழுதினால், இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோ எண்டுதான் அவையும் சொல்லுவினம்."

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மெதுவாகத்தான் பேசுவார். நான் கோப்பை எடுத்துப் படிவத்தின் பிரதியைப் பார்த்தேன். ஒன்பது, ஒன்பதரை, பத்து.

"எல்லாம் சரியா எழுதியிரிக்கி டொக்டர்," என்றேன்.

கவனித்தீர்களா? சரியாய்ச் செய்தேன் என்று என் வாயில் வரவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அந்த ரியூப் ஞாபகமே இல்லை என்று சத்தியம் பண்ணுவேன். ஆனால் நாக்குக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

"அப்ப மருந்தின்ட அளவைக் கூட்டி இன்னும் மூண்டு மாதம் பாப்பம்," என்றார் வைத்தியர். மனமில்லாமல்தான் சொன்னார், அது முகத்தில் தெரிந்தது. முடிவுக்கு இதை வைக்காதீர்கள் என்று எழுதியே வந்த இலக்கம்தான். ஆனாலும் மேசையில் ஓர் இலக்கம் கிடந்தால், எவ்வளவு கெட்டிக்கார வைத்தியரின் கண்ணும் அதில் போய் ஒருதரம் நிற்கும். அந்த இலக்கத்தை அங்கே கொண்டுபோய் வைப்பது நாங்கள்தான்.

வெளியே வந்தேன். நடைபாதை வாங்கில் யதுர்ஷாவும் தகப்பனும் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். பிள்ளை என்னைக் கண்டதும் கையைக் காட்டினாள்.

"அன்ரி, இண்டைக்கும் என்ட ரத்தம் அந்தக் கண்ணாடிக்குள்ள நிக்குமா?"

"எந்தக் கண்ணாடிக்குள்ள புள்ள?"

"அண்டைக்கு மழை பேஞ்ச நாள். கண்ணாடிக்குள்ளால பாத்தன், பூப் போட்ட ரியூப் அங்கயே நிண்டிச்சி. நாங்க வீட்ட போகக்குள்ளயும் நிண்டிச்சி. நான் டாட்டா காட்டிட்டுத்தான் போனன்."

லோகன் சிரித்தார். "ஓம் மிஸ். ரோட்டால போக ஏலாம வெள்ளம். உழவு மெசின் ஒண்டு வரும்மட்டும் இஞ்சதான் கிடந்த. சோறு திண்டு, மறுகா ரெண்டு மணி போலதான் போன. இவ போய்ப் போய் ரியூப்பப் பாத்திட்டு வருவா."

தாங்கியின் ஓரத்தில் நின்ற ரியூப் கண்முன் வந்தது. தொலைபேசிச் சத்தமும் கேட்டது.

அந்த நேரத்தில் என் தலைக்குள் என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். முதலில் பிள்ளையின் கால் வரவில்லை. என் பெயர்தான் வந்தது. இத்தனை வருடத்தில் ஒரு முறைப்பாடு இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் பென்சன். ஒன்றைச் சொன்னால் மற்றப் படிவங்களைப் பற்றியும் கேட்பார்கள், அவையும் காலையில் எழுதியவைதானே? எங்கள் ஆஸ்பத்திரியின் மாதிரிகளையே வேண்டாம் என்று தள்ளிவிட்டால்? அதற்குப் பிறகுதான் மூன்று மாதம் என்ற சொல் வந்தது.

ஊசி மருந்து ஆயத்தம் செய்துகொண்டிருந்த ராத்தாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"டொக்டருக்குச் சொல்லிட்டியா?"

"இல்ல ராத்தா."

"அப்ப எனக்கு என்னத்துக்குச் சொல்றா? நானா மருந்து எழுதிற? போ கா. அந்தப் புள்ள உள்ளுக்குப் போறதுக்கு முதல் சொல்லிட்டு வா. வந்து அழு. நான் தேத்தண்ணி ஊத்தி வெக்கிறன்."

போனேன். வைத்தியர் எழுதிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், உட்கார்ந்தால் சுற்றி வளைத்துப் பேசிவிடுவேன் என்று பயம்.

"டொக்டர், அந்தப் படிவத்தில ஒன்பதரை எண்டு இரிக்கிறது பொய். காலமயே எழுதிப்போட்டன். சுழட்டினது ரெண்டு மணிக்குப் பொறகு."

அவர் பேனையை மூடி வைத்தார். "அஞ்சு மணித்தியாலம்?"

"ஓம்."

"மற்றப் பிள்ளைகளின்ட?"

"அநேகமாச் சரி டொக்டர். ஆனா நேரத்த முன்னுக்கே எழுதுற பழக்கம் எனக்கு இரிக்கி. எது சரி எண்டு சத்தியம் பண்ண ஏலாது."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாய் இருந்திருக்கும். அவர் அந்தத் தாளை எடுத்து, இலக்கத்தின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் காரணத்தையும் திகதியையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"திருப்பி எடுக்கலாமா டொக்டர்?" என்று நான் கேட்டேன்.

"மருந்து தொடங்க முந்தின ரத்தம் இனி எங்க மிஸ் இருக்கு? அது போட்டுது. சரி, பிள்ளையைக் கூப்பிடுங்கோ."

அதற்குப் பிறகு நடந்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். வைத்தியர் தாள்களை எல்லாம் ஒதுக்கிவிட்டுத் தரையில் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார், முழங்காலில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார், தாடை மூட்டைப் பார்க்க வாயைத் திறக்கச் சொன்னார், விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கச் சொன்னார்.

"காலமை எழும்பினா முதல்ல என்ன செய்வீங்கள்?"

"அப்பா தூக்கிக்கொண்டு போய்க் கிணத்தடியில இருத்துவாரு."

"எவ்வளவு நேரத்தால நடப்பீங்கள்?"

பிள்ளை யோசித்தாள். அவளுக்கு நிமிடக் கணக்கு வரவில்லை.

"பள்ளிக்கூட பஸ் போனாப் பொறகு," என்றாள்.

லோகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியர் எழும்பிக் கதிரையில் இருந்து கொழும்புக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். பிள்ளை சொன்ன அந்த வசனத்தை அவள் சொன்னபடியே அதில் சேர்த்தார் என்பது பிறகு கோப்பில் பார்த்தபோது தெரிந்தது.

லோகனுக்கும் சொல்ல வேண்டும் என்று வைத்தியர் என்னைப் பார்த்தார். சொன்னேன். என் பிழை, உங்கள் பிள்ளையின் இரத்தத்தை நான்தான் நேரத்துக்குச் செய்யவில்லை என்று. அவர் முகம் இறுகியது. கோபப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"இனி அதால புள்ளைக்கு ஏதும் வருமா?" என்று கேட்டார்.

"வராது. டொக்டர் இப்ப ஆளப் பாத்துத்தான் முடிவெடுத்த."

"அப்ப சரி மிஸ்." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். "நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்கு எங்க தெரியப்போகுது? அதுக்காக ஏசாம விடுறன்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு நானே தொலைபேசியில் பேசினேன். மறுமுனையில் இருந்த இளம் பெண், "நல்ல வேளை சொன்னீங்கள் அக்கா" என்று சொன்னாள். எங்கள் பழைய படிவங்களை ஒவ்வொன்றாய் எடுத்து, வேலைப்பதிவோடு ஒத்துப் பார்த்து, பொருந்தாதவற்றில் 'நேரம் நிச்சயமில்லை' என்று என் கையாலேயே எழுதினேன். ஒவ்வொன்றை எழுதும்போதும் ஒரு பிள்ளையின் முகம் வரும். ஊசிக்குப் பயந்து அழுத பிள்ளை, தைரியமாய்க் கை நீட்டிய பிள்ளை. அவர்கள் தந்த இரத்தத்தை நான் வீணாக்கியிருக்கிறேன். எங்கள் பொறுப்பதிகாரி அந்த வேலையை இரண்டு மாதம் என்னிடமிருந்து எடுத்து ஒரு தம்பியிடம் கொடுத்தார். அந்த இரண்டு மாதமும் சிறுநீர்ப் பரிசோதனைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கௌரவத்துக்கு நல்ல மருந்து அது.

ஆனால் ஒன்றைப் பிழையாய் விளங்கிக்கொள்ளாதீர்கள். இலக்கம் கூடாது, கண்ணால் பார்ப்பதுதான் மேல் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் புரதத்தில் இன்னும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. உங்கள் காலத்திலேயே இந்த மாதிரிச் சோதனைகள் தேறி வரலாம். முதல் நாளே ஒரு துளி இரத்தம், இந்தப் பிள்ளைக்கு இந்த மருந்து என்று சொல்லிவிடும் காலம் வந்தால், எத்தனை பிள்ளைகள் பஸ்ஸைத் தவறவிடாமல் போவார்கள்! அந்தக் காலம் பெரிய பெரிய பொறிகளால் வரும் என்று நினைக்கிறோம். பாதி, நாங்கள் எழுதும் நேரத்தால் வரும். பிந்திவிட்டதா, பிந்தியது என்று எழுதுங்கள். வெட்டி எழுதிய படிவம் அசிங்கமாய்த்தான் இருக்கும், இருக்கட்டும். பிழை விட்டால் எழும்பிப் போய்ச் சொல்லுங்கள், பிள்ளை உள்ளே போவதற்கு முதல் சொல்லுங்கள். தேத்தண்ணி பிறகு குடிக்கலாம்.

கொழும்பிலிருந்து அனுமதி வந்தது. காச நோய் இல்லை என்பதற்கான சோதனைகள் எல்லாம் செய்து முடித்து ஊசி தொடங்கினார்கள். அது கேட்கும் என்று எங்களில் யாருக்கும் நிச்சயம் இருக்கவில்லை. முதல் மாதம் பெரிய மாற்றம் இல்லை. அந்த மாதம் நான் சரியாய்ச் சாப்பிடவில்லை, கோயிலில் தேங்காய் உடைத்தேன், ராத்தாவும் தன் பங்குக்குத் துஆ கேட்டார். இரண்டாம் மாதம் கணுக்கால் எலும்பு வெளியே தெரியத் தொடங்கியது. வீங்கிய கால்களையே பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் அது எவ்வளவு அழகு என்று தெரியும்.

அடுத்தடுத்த கிளினிக்குகளுக்கு யதுர்ஷா நடந்து வந்தாள். பிறகொரு நாள் அவளைக் காணவில்லை. லோகன் மட்டும் கையில் மருந்துக் கொப்பியோடு வந்து வைத்தியர் முன் நின்றார், முகத்தில் கவலை.

"பிள்ளை எங்க?" என்று கேட்டார் வைத்தியர்.

"வெளியில நிக்கிறா டொக்டர். கூப்பிட்டா வாறா இல்ல. உங்கட வளவுக்குள்ள நிக்கிற ஜம்பு மரத்தில ஏறிட்டா. வீட்டயும் இதே வேலதான். பள்ளிக்கூடம் விட்டு வந்தா மரம், சோத்துக்குக் கூப்பிட்டாலும் மரம். தாய் போனில கூப்பிட்டா மரத்தில இருந்துதான் கதைக்கிறா. இதுக்கு ஏதும் மருந்து இரிக்கா டொக்டர்?"

வைத்தியர் கொப்பியை வாங்கி, பேனையைத் திறந்து, கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் இருந்தார்.

"இருக்கு," என்றார். "ஆனா எழுதமாட்டன்."